சொல்லிக்கொடுக்கத் தனியே கற்க வேண்டும்: கொழிஞ்சாம்பாறை வட்டாரக் கராத்தே மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், வண்ணாமடை, ஒழலப்பதி பகுதிகளில் கராத்தே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கும், மாஸ்டர் வராத நாளில் வகுப்பை ஏற்று நடத்தும் மூத்த மாணவர்களுக்கும்,



உங்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ பஸ் ஏறிப் போய், மாலையில் திரும்பி வந்து, டிரெஸ் மாற்றிக்கொண்டு மைதானத்தில் வந்து நிற்கிறவர்கள். வாடகைக்கு ஹால் கிடைக்காத ஊரில் மொட்டைமாடியிலும் களத்துமேட்டிலும் வகுப்பு எடுக்கிறீர்கள். பிள்ளைகளை வெறுங்காலோடு வரிசையில் நிறுத்தி ‘இச், நி, சான்’ என்று எண்ணவைக்கிறீர்கள். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்கிற எல்லைப்புறப் பிள்ளைகள் நான்காவதாக ஒரு மொழியில் எண்ணக் கற்றுக்கொள்வது உங்களால்தான். அந்த வரிசையில் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்பதைச் சாதியும் முடிவுசெய்வதில்லை, அப்பாவின் தென்னந்தோப்பும் முடிவுசெய்வதில்லை. இடுப்பில் கட்டிய பெல்ட் முடிவுசெய்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் இந்தச் சித்தூர் தாலுகாவில் அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தால் உங்கள் வேலையின் அருமை விளங்கும். அந்த மதிப்போடுதான் இந்த மடலை எழுதுகிறேன். குறை சொல்வதுபோல் எங்காவது பட்டால், இந்தக் கலையும் இந்தப் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பிளாக் பெல்ட் வாங்கியவருக்குக் கராத்தே தெரியும். அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பதற்கு அந்த பெல்ட் உத்தரவாதம் ஆகாது. கற்பிப்பது தனிப் படிப்பு. அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும், தனியாகத் தேர்வும் வேண்டும். நம் பக்கத்தில் நடைமுறை வேறாக இருக்கிறது. ஒரு மாணவர் பிளாக் பெல்ட் தேறியதும், பல இடங்களில் பிரவுன் பெல்ட்டிலேயே, அடுத்த ஊரில் ஒரு கிளை தொடங்கிவிடுகிறார். முந்தின மாதம் வரை அடி வாங்கியும் அடித்தும் பழகிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையனை அன்றிலிருந்து நாற்பது பிள்ளைகளின் பெற்றோர் ‘மாஸ்டர்’ என்று அழைக்கிறார்கள். இடையில் அவன் கற்பித்தலைப் பற்றி என்ன கற்றான் என்று யாரும் கேட்பதில்லை. இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை அல்ல. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் இதே கதைதான். ஆனால் இதைத் திருத்துவதற்குத் திருவனந்தபுரத்தையோ சென்னையையோ எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இந்த வட்டாரத்து மாஸ்டர்கள் நினைத்தால் போதும்.

கராத்தே பள்ளிக்கூடத்துக்குள் வந்த வரலாறே என் முதல் சான்று. ஒகினாவா தீவில் தனித்தனி ஆசான்களிடம் வீட்டு முற்றத்திலும் ஊர் அடங்கிய இரவு நேரத்திலும் பழகிவந்த இந்தக் கலையை 1901-ல் ஷூரி நகரத்துத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர் இத்தோசு ஆன்கோ. கட்டா எனப்படும் பழைய அசைவுத் தொடர்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்று கண்டு, அவர்களுக்காகவே பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தார். இன்று உங்கள் வகுப்பில் ஹெய்யான் என்ற பெயரில் ஓடுகிற ஐந்தும் அவைதாம். 1908 அக்டோபரில் அவர் ஒகினாவாவின் கல்வித் துறைக்குப் பத்து அம்சங்கள் கொண்ட மடல் ஒன்றை எழுதினார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வீதம் மூன்று நான்கு ஆண்டு முறையாகப் பழகினால் உடல்வாகே மாறும் என்று அதில் சொல்கிறார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது மடலின் முடிவு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இதை முதலில் வைக்க வேண்டும், அங்கே முறையாகக் கற்றுத் தேர்ந்த ஆசிரியர்களை அதன்பிறகு மற்றப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார். எழுபதைத் தாண்டிய அந்த முதியவர் பிள்ளைகளை நோக்கி ஓடவில்லை; ஆசிரியரைத் தயார் செய்வதிலிருந்து தொடங்கச் சொன்னார். நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு நாம் அவருடைய ஐந்து கட்டாக்களை எடுத்துக்கொண்டோம், அந்த வரிசைமுறையை விட்டுவிட்டோம்.

அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின் தொழிலால் பள்ளி ஆசிரியர். இருபதை ஒட்டிய வயதில் ஆசிரியப் பணியில் சேர்ந்து, முப்பது ஆண்டுக்கு மேல் அதில் இருந்தவர். பகலில் பள்ளி, இரவில் ஆசானின் வீடு என்று இரண்டையும் சேர்த்தே வளர்த்துக்கொண்டார். நைஹான்சி எனப்படும் மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்து ஆண்டு செலவிட்டதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். 1922-ல் டோக்கியோவில் கல்வி அமைச்சகம் நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சியில் கராத்தேயைக் காட்டப் போனபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அங்கேயே தங்கி, ஒகினாவா மாணவர்கள் இருந்த விடுதியில் பெருக்குவதும் வாசல் காப்பதுமாக வேலை செய்துகொண்டுதான் வகுப்பு நடத்தினார். கராத்தேயை உலகத்துக்குக் கொண்டுபோன மனிதருக்கு இரண்டு படிப்பு இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஒன்று கராத்தே, மற்றது வகுப்பறை. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்திருந்தால், அந்தக் கலை ஷூரி நகரத்தின் சில வீடுகளுக்குள்ளேயே நின்றிருக்கும்.

இந்த பெல்ட் முறையும் கராத்தேயோடு பிறந்ததல்ல. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1883-ல் தன் மாணவர் இருவருக்கு முதல் டான் நிலையை வழங்கித் தொடங்கிவைத்தது அது. அவரும் கல்வித் துறையைச் சேர்ந்தவர், கல்லூரிக்கே தலைவராக இருந்தவர். ஃபுனகோஷி அதைப் பின்பற்றி 1924-ல்தான் கராத்தேயில் டான் கொடுக்க ஆரம்பித்தார். கோஜு-ரியூவை நிறுவிய மியாகி சோஜுன் கடைசிவரை யாருக்கும் டான் கொடுக்கவே இல்லை. அவருடைய மாணவர்கள் அதனால் குறைந்துபோய்விடவும் இல்லை. ஆக, பெல்ட் என்பது மாணவர் எந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்று காட்டுவதற்கு ஏற்பட்ட ஓர் ஏற்பாடு. அதையே ஆசிரியர் உரிமமாக ஆக்கிக்கொண்டது பிற்பாடு, வசதிக்காக நடந்தது. ஜப்பானியரே அப்படி வைத்துக்கொள்ளவில்லை. ஜப்பான் கராத்தே சங்கம் 1956-ல் ஆசிரியர்களை உருவாக்கத் தனிப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. ஏற்கெனவே பல்கலைக்கழக அணிகளில் பிளாக் பெல்ட்டாக இருந்தவர்களைத்தான் அதில் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் அந்தச் சங்கத்தில் டான் வேறு, பயிற்றுநர் தகுதி வேறு, பெல்ட் டெஸ்ட் நடத்தும் தகுதி வேறு, நடுவர் தகுதி வேறு. உங்களில் பாதிப் பேர் அந்தச் சங்கத்தின் ஷோட்டோகான் வழியில் வந்தவர்கள்தாம். அங்கே நான்காகப் பிரித்து வைத்திருப்பது கொழிஞ்சாம்பாறைக்கு வரும்போது ஒரே துணிப்பட்டையாக ஏன் சுருங்கிப்போனது?

ஜப்பானை விடுங்கள். நம் பக்கத்திலேயே களரி இருக்கிறது. களரியில் முதலில் மெய்த்தாரி, அடுத்து கோல்த்தாரி, பிறகு அங்கத்தாரி. வெறுங்கை கடைசியில்தான் வரும். கையில் ஒன்றும் இல்லாமல் இன்னொருவர் உடலைத் தொடுகிற வித்தை மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் மேலே, உழிச்சில் என்ற உடல் பிடித்துவிடும் முறை தெரியாதவரை, சுளுக்கும் எலும்பு விலகலும் பார்க்கத் தெரியாதவரை, மர்மம் எனப்படும் உயிர்நிலைகளில் பட்ட அடிக்குச் சிகிச்சை தெரியாதவரைக் குருக்கள் என்று களரி மரபு ஏற்பதில்லை. தமிழ்நாட்டின் தென்கோடியில் வர்ம ஆசான்களிடமும் இதே ஒழுங்கு உண்டு. அடிமுறை கற்றவன் வர்ம வைத்தியமும் கற்றால்தான் ஆசான். எவ்வளவு நுட்பமான விதி என்று பாருங்கள். உன் கையால், உன் பயிற்சியால் ஒரு பிள்ளைக்கு என்ன நேரக்கூடும் என்பதை முழுதாக அறிந்திருந்தால் ஒழிய உன்னிடம் பிள்ளையை ஒப்படைக்க முடியாது என்று அந்த மரபு சொல்கிறது. வடகரை மீனாட்சியம்மா ஏழு வயதில் களரிக்குள் போனவர். 2017-ல் பத்மஸ்ரீ பெற்றபோது எழுபதைத் தாண்டியிருந்தார், அப்போதும் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்தக் களரியில் மாதக் கட்டணம் கிடையாது, குருதட்சணை மட்டும். எல்லாரும் அப்படி இலவசமாக நடத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கற்பவர் என்ற நிலையிலிருந்து கற்பிப்பவர் என்ற நிலைக்குப் போக எவ்வளவு காலமும் எத்தனை படிகளும் அங்கே இருக்கின்றன என்பதைத்தான் காட்டுகிறேன்.

வரலாற்றைச் சொல்லும்போது ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். ‘கராத்தே நம்முடையதுதான், காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோனது’ என்று பல வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது; ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. போதிதர்மரை உடற்பயிற்சியோடு இணைக்கும் ‘யிஜின் ஜிங்’ என்ற நூல் 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு கழித்து. அதன் முன்னுரைகள் போலியானவை என்று சீன ஆய்வாளர்களே 1930-களில் எழுதிவிட்டார்கள். நமக்குச் சிலம்பம் இருக்கிறது, அடிமுறை இருக்கிறது. இரவல் பெருமை எதற்கு? பிள்ளைகள் மாஸ்டர் சொல்வதை அப்படியே நம்புகிற வயதில் இருக்கிறார்கள். ஆசிரியப் பயிற்சியில் இதுவும் ஒரு பாடமாக இருக்க வேண்டும்.

இனி மைதானத்துக்கு வருவோம். குத்து பழகும்போது ஒரு கை முன்னே போகிறது, மற்றக் கை இடுப்புக்குத் திரும்புகிறது. எல்லா வகுப்பிலும் ‘கையை இழு, இடுப்போடு ஒட்டு’ என்ற சத்தம் கேட்கிறது. ஏன் இழுக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் பல இடங்களில் ‘பவர் வரும்’ என்பதுதான் பதில். அந்தக் கை வெறுமனே திரும்புவதில்லை. எதிராளியின் மணிக்கட்டையோ சட்டையையோ பிடித்துத் தன் பக்கம் இழுத்து, அவர் நிலை குலைந்து முன்னே வரும்போது மற்றக் கை போய்ப் படுகிறது. ஹிக்கித்தே என்ற அந்த அசைவின் வேலை அது. இதைத் தெரிந்த மாஸ்டர் இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடிக்கச் சொல்லி, பெருவிரலும் மற்ற விரல்களும் சேருகிற இடைவெளி வழியாகக் கையைத் திருப்பி உருவிக்கொள்ளச் சொல்லுவார். ஐந்து நிமிட வேலைதான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஆயிரம் முறை கையை இழுத்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு இழுக்கும். வேலந்தாவளத்திலிருந்து கூட்டமான பஸ்ஸில் வருகிற பெண் கையை யாராவது பிடித்தால், அவளுக்குக் கட்டாவின் ஓர் அசைவு அப்போது கைகொடுக்கும். கட்டா மனப்பாடமாகத் தெரிந்தவர் வேறு, அதைப் பிரித்துக் காட்டத் தெரிந்தவர் வேறு என்று நான் சொல்வது இதைத்தான்.

கால்களையும் பாருங்கள். முன்னங்காலை மடக்கி நிற்கும் ஜென்குட்சு நிலையில் பாதி வகுப்பின் முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மூட்டு பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்ச் சரிசெய்ய ஆள் இல்லை என்றால், அந்தச் சாய்வோடுதான் வருடக்கணக்கில் பழகுவார்கள். காற்றில் உதைக்கும்போது முழங்காலை முழுதாக நீட்டிப் ‘படக்’கென்று பூட்டிக்கொள்வதும் இதே வகை. எதிரில் வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் உதையின் வேகம் முழுவதும் அந்த மூட்டிலேயே வந்து நிற்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனைகளில் இன்னும் இறுகாத வளர்ச்சித் தட்டு இருக்கிறது; சிமெண்டுத் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்வதும், தண்டனை என்று மைதானம் முழுக்கத் தவளை ஓட்டம் ஓடச் சொல்வதும் ஒரு வீரனை உருவாக்குவதாக மாஸ்டருக்குத் தோன்றலாம், ஆனால் அதன் விலையை அந்தப் பிள்ளையின் மணிக்கட்டும் முழங்காலும் கொடுக்கின்றன. ஆண்டுவிழா மேடையில் தலையால் ஓடு உடைக்கவைப்பதைப் பற்றி என்ன சொல்ல? உலகக் கராத்தே சம்மேளனத்தின் போட்டி விதிகளே சிறுவர் பிரிவில் முகத்தில் படும் அடியை அனுமதிப்பதில்லை. போட்டிக்களத்தில் எதிராளியே தொடக் கூடாத தலையை, கைதட்டலுக்காக நாமே ஓட்டில் மோதவைக்கிறோம். இதைச் செய்யும் மாஸ்டர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உடலைப் பற்றி யாரும் அவர்களுக்கு ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கனமானது. ராணி லட்சுமிபாய் பெயரில் சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள்; பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்கு ஒதுக்கீடு. கேரளத்தில் குடும்பஸ்ரீ ‘தீரம்’ என்ற பெயரில் பெண்களுக்குக் கராத்தே கற்றுத்தருகிறது. இத்திட்டங்களுக்குப் பயிற்றுநராகப் போகிறவர்கள் நீங்கள்தாம். மூன்று மாதத்தில் என்ன கற்றுத்தர முடியும் என்று நீங்களே அலுத்துக்கொள்வதுண்டு. காலம் குறைவு என்பது உண்மை. ஆனால் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. சார்லின் சென் என்ற உளவியல் பேராசிரியரின் குழு அங்குள்ள மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தது. ஓராண்டில் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானோர் பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவீதம், மற்றதில் 9.8 சதவீதம். 2015-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. அந்தப் 12 மணி நேரத்தில் உடலால் தடுக்கும் பயிற்சி ஒரு பகுதி மட்டுமே. அறிமுகமான ஆளிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டி அடையாளம் காண்பது, ‘அவர் நல்லவர்தானே’ என்ற தயக்கத்தைத் தாண்டுவது, தன் விருப்பத்தை வாய்விட்டு உரக்கச் சொல்வது இவைதான் மீதி. நடத்தியவர்களும் அதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்டவர்கள். நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளும் ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கின்றன: வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்த ஆள். இருட்டுச் சந்தில் பாய்ந்து வரும் முகம் தெரியாதவனை உதைக்க மட்டும் கற்றுத்தரும் வகுப்பு, பெரும்பாலான ஆபத்துக்கு வெளியே நிற்கிறது. குறைந்த காலத்தில் பலன் தரும் பயிற்சி வேண்டுமானால் அதிகம் கற்ற ஆசிரியர் வேண்டும். மாணவியின் மூன்று மாதத்தை நம்மால் நீட்ட முடியாது, ஆசிரியரின் தயாரிப்பை நீட்டலாம்.

அந்தத் ‘தெரிந்த ஆள்’ மாஸ்டராகவும் இருக்கக்கூடும் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. 2024 பிப்ரவரியில் மலப்புறம் மாவட்டம் வாழக்காட்டில் பதினேழு வயது மாணவி சாலியாற்றில் பிணமாகக் கிடந்தாள். அவளுடைய கராத்தே ஆசிரியர் போக்சோ சட்டத்தில் கைதானார். இந்தச் செய்தி வந்தபோது நேர்மையாக வகுப்பு நடத்தும் எத்தனையோ மாஸ்டர்கள் தலைகுனிந்திருப்பார்கள், அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லாதபோதும். கராத்தே வகுப்பின் இயல்பே இந்த ஆபத்துக்கு இடம் கொடுப்பதுதான். ஆசானின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத ஒழுங்கு, உடலைத் தொட்டுத் திருத்தும் முறை, போட்டிக்கு வெளியூர்ப் பயணம், இரவில் தனிப் பயிற்சி. ஆகவே, மற்ற எந்த வகுப்பையும்விட இங்கே வரம்புகள் கறாராக இருக்க வேண்டும். தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்பது, முடிந்தவரை சொல்லாலும் தன் உடலால் செய்து காட்டியும் திருத்துவது, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்க விடுவது, பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பாமல் பெற்றோர் இருக்கிற குழுவிலேயே சொல்வது, பெண் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போகும்போது பெண் துணையில்லாமல் போகாதிருப்பது ஆகியவற்றைப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். இதை அறியாமல் வகுப்பு நடத்துகிறவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்து மறுப்புகளையும் நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை. முதலாவது, பிழைப்பு. மாதக் கட்டணம் பல வீடுகளில் ஒழுங்காக வருவதில்லை. போர்வெல் வற்றினாலும் தேங்காய் விலை இறங்கினாலும் முதலில் நிற்பது கராத்தே கட்டணம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் டெஸ்ட் வைத்தால்தான் மாஸ்டர் கையில் நாலு காசு நிற்கிறது. கிளைகளைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம். இது நியாயமான கவலை, இதை எளிதாகத் தள்ளிவிடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். வருமானம் பெல்ட்டில் இருப்பதால் தேர்வில் யாரையும் நிறுத்திவைக்க முடியாமல் போகிறது. எல்லாரும் தேறுகிற தேர்வைப் பெற்றோர் இரண்டே வருடத்தில் புரிந்துகொள்கிறார்கள், மூன்றாம் வருடம் பிள்ளையைக் கீபோர்டு வகுப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். மாதக் கட்டணத்தை வெளிப்படையாகக் கொஞ்சம் கூட்டி, டெஸ்ட் கட்டணத்தைச் சான்றிதழ்ச் செலவோடு நிறுத்திக்கொண்டால் மாஸ்டருக்கு நஷ்டம் வராது. இந்த மாஸ்டர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் என்று சொல்ல முடிந்தால், கூட்டிய கட்டணத்தைக் கொடுக்கவும் பள்ளிகள் அழைக்கவும் காரணம் இருக்கும்.

இரண்டாவது, ‘பெல்ட் இல்லாவிட்டால் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள்’ என்பது. சரிதான், நானும் கலர் பெல்ட்டுகளை எடுக்கச் சொல்லவில்லை. அந்த வண்ணங்களே பிற்காலத்தில் ஐரோப்பிய ஜூடோவில், மாணவர்களின் ஆர்வம் வடியாமல் இருக்கத்தான் பரவின. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் இருக்கட்டும், பிள்ளைகள் அவற்றைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். பிளாக் பெல்ட்டும் இருக்கட்டும். அதை வாங்கியவர் வகுப்பு எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் இன்னொரு வாசல் வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.

மூன்றாவது மறுப்பு, பழைய மாஸ்டர்களுடையது: ‘இது சண்டைக் கலை. நாங்கள் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். இப்படி மென்மையாக்கினால் கராத்தே டான்ஸ் ஆகிவிடும்.’ இந்தக் கவலையில் ஒரு மதிப்பு இருக்கிறது. தொடாமலே பழகி, ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடுகிற பிளாக் பெல்ட்டுகள் பெருகியிருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆனால் அதற்குக் காரணம் மென்மை என்று எனக்குத் தோன்றவில்லை. தொடுதலைப் படிப்படியாகக் கூட்டிக் கொண்டுபோகத் தெரியாத கற்பித்தல்தான் காரணம். எப்போது இரண்டு பேரை ஜோடி சேர்ப்பது, எந்த வயதில் எவ்வளவு அடி, யார் பயப்படுகிறான், யார் மற்றவனை நசுக்குகிறான் என்று பார்த்து நடத்துவதற்கு அதிகத் திறமை வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ‘அடிச்சுக்கோ’ என்று விட்டுவிடுவதற்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சித்தூரில் ஆண்டுதோறும் கொங்கன்படைத் திருவிழாவில் ஒரு பழைய போரையே ஊர் கூடி ஆடிக் காட்டுகிறது. அத்தனை ஆரவாரத்துக்குள்ளும் யார் எங்கே நிற்பது, எந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். சண்டை என்பதால் ஒழுங்கு தளர வேண்டும் என்பதில்லை.

கடைசி மறுப்பு நியாயமானது, எனக்கும் அதற்கு முழுத் தீர்வு தெரியவில்லை: ‘இந்தத் தகுதியை யார் வழங்குவது?’ கராத்தேயில் சங்கங்களுக்குள் சண்டை ஓயவே இல்லை. 2020-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே விலக்கியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பிடித்த கராத்தே, பாரிஸில் இல்லை. எல்லைப்புறமான நமக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல்: மாஸ்டரின் சங்கம் கோவையில், பிள்ளையின் பள்ளி பாலக்காடு மாவட்டத்தில். அங்கே வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லுமா என்று ஒவ்வொரு ஆண்டும் பெற்றோர் அலைகிறார்கள். கால்பந்தில் இப்படி இல்லை. டி, சி, பி, ஏ உரிமங்கள் என்று பயிற்றுநருக்குத் தனி ஏணி இருக்கிறது, நன்றாக ஆடியவர்கூட அதில் ஏறித்தான் வர வேண்டும். கராத்தேயில் அப்படி ஓர் ஏணி எல்லாருக்கும் பொதுவாக வரும்வரை பொறுத்திருந்தால் இன்றைய பிள்ளைகள் வளர்ந்தே போய்விடுவார்கள். அதனால்தான் சங்கப் பெயர்களை வாசலில் விட்டுவிட்டு இந்த வட்டாரத்து மாஸ்டர்களாகக் கூடுங்கள் என்கிறேன். ஷோட்டோகானோ, கோஜு-ரியூவோ, ஷித்தோ-ரியூவோ, கட்டாக்கள் வேறுபடலாம். எட்டு வயதுப் பிள்ளையின் முழங்கால் எல்லா வழியிலும் ஒன்றுதான், போக்சோ சட்டமும் ஒன்றுதான்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அரசு மருத்துவமனையில் உள்ள ஓர் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ அழைத்து வளரும் உடலைப் பற்றிப் பேசச் சொல்லலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவரை வரவழைத்துச் சட்டத்தை விளக்கச் சொல்லலாம். முதலுதவியைச் செய்து பழகலாம். பேச்சு தமிழில் இருக்கட்டும், அப்போதுதான் பின்வரிசையில் இருக்கும் இளம் உதவி மாஸ்டர்களும் வாய்திறந்து கேள்வி கேட்பார்கள். பிறகு ஓராண்டு, வகுப்பு எடுக்க விரும்பும் பிளாக் பெல்ட் ஒவ்வொருவரும் மூத்த மாஸ்டர் ஒருவரின் கண்முன் மட்டும் கற்பிக்கட்டும். அந்த ஆண்டின் முடிவில் ஒரு தேர்வு வையுங்கள். அதில் கட்டா வேண்டாம், குமித்தே வேண்டாம், ஓடு உடைக்கவும் வேண்டாம். இதுவரை கராத்தேயே பார்த்திராத எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் பெற்றோரோடு வரவழைத்து, தேர்வுக்கு வந்தவர் முன்னால் நிறுத்துங்கள். பத்து நிமிடம் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு நிலையை, வலிக்காமல், காரணத்தோடு, அடுத்த நாளும் வர வேண்டும் என்று அதற்குத் தோன்றும்படி சொல்லிக்கொடுக்கிறாரா என்று நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து பாருங்கள். தேறினாரா இல்லையா என்று முடிவுசெய்வதற்கு முன் பெற்றோரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து, உங்கள் பணியை மதிக்கும் ஒருவர்